ஏறிப் பார்க்காமல் போட்ட கையெழுத்து

பாப்பா,

நீ போனை வைத்து இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. இடையில் அம்மாவிடம் மூன்று முறை பேசிவிட்டாய். மூன்று முறையும் நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். சென்னையில் பயிற்சி முடிந்தது, விழுப்புரத்தில் ஹாஸ்டல் கிடைத்தது, திங்கட்கிழமை காலையில் கோலியனூர் ஒன்றிய அலுவலகத்தில் உதவிப் பொறியாளராகப் போய்ச் சேருகிறாய் என்பதெல்லாம் கதவு வழியாகக் காதில் விழுந்தவைதான். என்னைப் பற்றிக் கேட்டாயா என்று அம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்கு நீ கேட்ட கேள்விக்குப் போனில் எனக்குப் பதில் வரவில்லை. வாயால் பேசி எதையும் சரியாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. முப்பத்திரண்டு வருஷம் ஓவர்சியர் வேலையில் அளந்ததை எழுதித்தான் பழக்கம். அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் இல்லாமல், உன்னைப் போல இந்த வருஷம் வேலைக்குச் சேரும் நாலு பிள்ளைகள் படித்தாலும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். அதனால் அந்த ஊர்ப் பெயரையும் ஆட்கள் பெயரையும் விட்டுவிட்டேன். எந்த ஊர் என்று உனக்குத் தெரியும்.

நீ கேட்டது இதுதான்: "எல்லாருந்தாம்ப்பா கையெழுத்து போட்டாங்க. உனக்கு மட்டும் இன்னா வந்துச்சு? நான் வேலையில சேர்ற நேரத்துலயா போய் மனு குடுப்ப? ஒரு ரெண்டு மாசம் பொறுத்துக்கினு குடுத்திருக்கக் கூடாதா?" கேட்டுவிட்டு நீ அழுதாய். நியாயமான கேள்வி. அதே ஒன்றிய அலுவலகங்கள், அதே பொறியாளர்கள். தன் மேலேயே மனு கொடுத்த ஓவர்சியரின் மகள் என்றுதான் உன்னை முதல் நாள் பார்ப்பார்கள். அது தெரிந்தும் கொடுத்தேன். ஏன் என்று சொல்கிறேன். முழுவதும் படித்துவிட்டு, அதற்கப்புறமும் கோபம் இருந்தால் இருக்கட்டும்.

உன் பணி ஆணை வந்த அன்றைக்கு ஆரம்பித்தது. நீ அந்தத் தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாய். அம்மா கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். நீ சமையலறை வாசலில் உட்கார்ந்து பேப்பர் ஓரத்தில் உன் கையெழுத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்தாய். காலேஜில் போட்ட கையெழுத்து சின்னப் பிள்ளை போட்டது மாதிரி இருக்கிறது, ஆபீசுக்கு வேற மாதிரி வேணும் என்றாய். பத்துப் பன்னிரண்டு போட்டுவிட்டு என்னிடம் காட்டி, "எது நல்லாருக்குதுப்பா? இனிமே நான் போட்டாத்தான் பில்லே பாஸ் ஆவும்" என்று சிரித்தாய். நான் ஏதோ ஒன்றைக் காட்டினேன். எதைக் காட்டினேன் என்று இப்போது நினைவில்லை. நீ சிரித்துக்கொண்டே இருக்கிறாய், நான் எழுந்து போய் உள் அறையில் படுத்துவிட்டேன். வெயிலில் போய்விட்டு வந்த களைப்பு என்று அம்மாவிடம் சொன்னேன். களைப்பு இல்லை. பதினேழு வருஷத்துக்கு முன்னால் நான் போட்ட ஒரு கையெழுத்து எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது நான் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பக்கம் வேலை பார்த்தேன். பெருமுக்கல் மலையைத் தாண்டி உள்ளே போனால் அந்த ஊர். சுற்றிலும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடும் நிலம், கொஞ்ச தூரத்தில் கல் குவாரிகள். ஒன்றியத் தொடக்கப் பள்ளி, இரண்டு வகுப்பறை, கான்கிரீட் மேல்தளம். கட்டி அப்போதே இருபது வருஷம் ஆகியிருந்தது. மேலே தண்ணீர் நின்று நின்று உள்ளே இறங்கி, சீலிங் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் படம் போட்டிருந்தது. பங்குனி மாசம். பள்ளிக் கட்டட மராமத்துக்கு என்று நிதி வந்திருந்தது. மார்ச் முடிவதற்குள் வேலை எடுக்கவில்லை என்றால் அது திரும்பிப் போய்விடும். அன்றைக்கு ஒரே நாளில் ஆறு பள்ளிக்கூடம் பார்க்க வேண்டும், ஜீப் வெளியே உறுமிக்கொண்டு நிற்கிறது. நான் குடைக் கம்பியால் சீலிங்கில் ஓரிடத்தில் தட்டினேன். நல்ல கான்கிரீட்டில் தட்டினால் கணீரென்று கேட்கும். இங்கே பொத்தென்று கேட்டது. காரைக்கும் கம்பிக்கும் நடுவில் வெற்றிடம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். பாப்பா, நான் இரண்டாவது இடத்தில் தட்டவில்லை. தட்டினால் அதை எழுத வேண்டி வரும். தளத்தின் மேல் ஏறவும் இல்லை. ஏணி இல்லை என்று சொல்லிக்கொண்டேன். எதிர்வீட்டுக் கூரையில் ஒரு மூங்கில் ஏணி சாய்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

ஆபீசுக்கு வந்ததும் பொறியாளரிடம் சொன்னேன். "சார், அந்தப் பள்ளிக்கூடம் மராமத்துல நிக்காது போலக்குது. இடிச்சிட்டுப் புதுசாத்தான் கட்டணும்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்த நிதிக்காக விழுப்புரத்துக்கும் சென்னைக்கும் எத்தனையோ தடவை அலைந்தவர். தலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ரிப்பேருக்குத்தான்யா பணம் வந்துக்குது. புதுசுக்கு வரல. நீ இடிக்கணும்னு எழுதிட்டா இதுவும் கையவிட்டுப் போயிடும். புதுக் கட்டடத்துக்கு எழுதிப் போட்டு அது வர்றதுக்குள்ள அந்தப் புள்ளைங்க படிச்சி முடிச்சி கல்யாணமே பண்ணிக்கும். அதுவரைக்கும் மரத்தடியில குந்த வெக்கப் போறியா? இப்பக் கிடைக்கிறத வெச்சி பூசி வுடுய்யா. அப்புறம் பாத்துக்கலாம்."

நான் எழுதினேன். 'மராமத்து செய்தால் கட்டடம் பயன்பாட்டுக்கு உகந்தது.' கீழே கையெழுத்து, தேதி, முத்திரை. யாரும் எனக்கு ஒரு டீ கூட வாங்கித் தரவில்லை. லஞ்சம் வாங்கிப் போட்டிருந்தால் லஞ்சத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம். நான் நல்லது செய்வதாக நினைத்துத்தான் போட்டேன். பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதுக் காரை பூசினார்கள். துருப்பிடித்த கம்பி அதற்குள்ளே மறைந்துவிட்டது. வெளிர் நீலத்தில் பெயிண்ட் அடித்தார்கள். திறப்பு விழா மாதிரி ஒன்று நடத்தி எனக்குச் சால்வை போட்டார் அப்போதைய தலைமை ஆசிரியர். பிள்ளைகள் வரிசையாக நின்று கை தட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

இப்போது உனக்குத் தெரிந்த ஒரு கதைக்கு வருகிறேன். உனக்கு ஏழு வயசு. அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை உன்னை டி.வி.எஸ். வண்டியில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். அந்தப் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் வேலையை அளக்க வேண்டியிருந்தது. உனக்கு லீவு. அங்கே அன்றைக்குப் பள்ளி இருந்தது. அளந்துகொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, எதிரே நிற்பவர் முகம் தெரியாத மழை. தலைமை ஆசிரியர் வாசலில் நின்று கூப்பிட்டார், "பாப்பா நனையுது பாருங்க சார், உள்ள அனுப்புங்க." உள்ளே பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உன்னைப் பார்த்துக் கையாட்டின. நீ என் கையை உதறிக்கொண்டு ஓடப் பார்த்தாய். நான் விடவில்லை. "பரவால்ல சார், இவளுக்கு மழைன்னா ரொம்ப இஷ்டம்" என்றேன். என் மழைக்கோட்டைக் கழற்றி உன் மேல் போட்டு, புளிய மரத்தடியில் முக்கால் மணி நேரம் உன்னை நிற்க வைத்தேன். கோட்டுக்குள்ளேயும் தண்ணீர் இறங்கிவிட்டது. உனக்கு நாலு நாள் காய்ச்சல் அடித்தது. அம்மா என்னைத் திட்டின திட்டு உனக்கு ஞாபகம் இருக்கும். "ஒதுங்கறதுக்கு ஒரு இடமா கிடைக்கல?" என்று கேட்டாள். "வழியில புடிச்சிக்கிச்சு, ஒரு இடமும் இல்ல" என்றேன்.

நீ இதை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாய். உன் தோழிகள் வந்தால் சொல்வாய், சித்தி வீட்டுக் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னாய்: எங்க அப்பா எனக்கு மழையில நிக்கக் கத்துக் குடுத்தாரு, அதனாலதான் எனக்கு எதுக்கும் பயமில்ல என்று. ஒவ்வொரு தடவையும் நான் தலையைக் குனிந்துகொள்வேன். கூச்சம் என்று எல்லாரும் நினைப்பார்கள். நடந்தது என்னவென்றால், அந்தத் தளத்துக்குக் கீழே என் மகளை ஒரு நிமிஷம் நிற்க வைக்கவும் எனக்குத் துணிச்சல் இல்லை. நாற்பது பிள்ளைகள் உள்ளே இருந்தன. அவர்களுடைய அப்பா அம்மா குவாரியிலும் நிலத்திலும் கூலி வேலைக்குப் போயிருந்தார்கள். என் அப்பாவும் அம்மாவும் அப்படிப் போனவர்கள்தான். அதை நினைத்துக்கொண்டேதான் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையெழுத்துப் போட்ட அன்றைக்குத் தெரியாமல் போட்டேன் என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். மழையில் உன்னை நிறுத்திய அன்றைக்கு எனக்கு எல்லாம் தெரியும்.

அடுத்த வருஷம் எனக்கு வேறு ஒன்றியத்துக்கு மாற்றல் வந்தது. கட்டடம் விழவில்லை. விழாத கட்டடத்தை மறப்பது சுலபம். எனக்குப் பின்னால் வந்தவர் என் கையெழுத்தைப் பார்த்து அவருடையதைப் போட்டார், அவருடையதைப் பார்த்து அதற்கடுத்தவர் போட்டார். அவ்வப்போது கொஞ்சம் நிதி வரும், பூசுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள். டி.வி.யில் எங்கேயாவது பள்ளிக்கூடச் சுவர் விழுந்தது என்று கீழே எழுத்து ஓடினால் நான் முதலில் ஊர்ப் பெயரைப் பார்ப்பேன். அந்த ஊர் இல்லை என்றால் மூச்சு வரும். பிறகு, யாரோ பெற்ற பிள்ளைக்கு அடிபட்டிருக்கும்போது நமக்கு இப்படி நிம்மதியாக மூச்சு வருகிறதே என்று இருக்கும். டி.வி.யை அணைத்துவிடுவேன். இவ்வளவுதான் நான் பட்ட வேதனை. இதற்கு மேல் பட்டேன் என்று சொன்னால் பொய்.

உன் பணி ஆணை வந்த மறுவாரம் நான் அங்கே போனேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் மரக்காணம் பஸ் ஏறி, இறங்கி நடந்தேன். பள்ளிக்கூடம் பச்சைப் பெயிண்டில் பளிச்சென்று இருந்தது. சுவரில் எழுத்தும் எண்ணும் படங்களும் வரைந்திருந்தார்கள். தலைமை ஆசிரியை நாற்பது வயசுக்காரம்மா, நல்ல சுறுசுறுப்பு. நான் இன்னார், ரிட்டையர்டு ஓவர்சியர், இந்தக் கட்டடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றதும் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மதியம் சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் முப்பத்தொரு பேரும் வகுப்பறையிலேயே தட்டை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சாம்பார் சாதமும் முட்டையும். அப்போது குவாரியில் வெடி வெடித்தது. அந்தப் பக்கத்தில் தினமும் வெடிப்பதுதான். ஒரு பிள்ளை கூடத் திடுக்கிடவில்லை. ஆனால் முப்பத்தொரு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் இரண்டு கையையும் விரித்துத் தட்டை மூடிக்கொண்டன. மேலேயிருந்து மணல் மாதிரி பொடி உதிர்ந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, கையைத் தட்டி உதறிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லித் தரவில்லை, அவர்களாகவே பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

பிள்ளைகள் கை கழுவ வெளியே போகும்வரை பொறுத்திருந்தேன். மூலையிலிருந்த ஒட்டடைக் கம்பை எடுத்துச் சீலிங்கில் தட்டினேன். தட்டின இடமெல்லாம் பொத் பொத் என்றது. பீம் ஓரத்தில் தட்டியபோது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு காரை வில்லை பெயர்ந்து கீழே விழுந்தது, ஒரு நிமிஷத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்த இடத்தில். அதற்கு மேலே கம்பி தெரிந்தது. கம்பி என்று சொல்லக் கூடாது, கம்பி இருந்த இடத்தில் சிவப்பாகப் பொடி.

"டீச்சர், இதுக்குக் கீழ புள்ளைங்களை உட்கார வெக்காதீங்க" என்றேன். "இன்னிக்கே வெளியே கொண்டு போங்க."

"எங்க சார் கொண்டு போறது?" என்றார். "மரத்தடியில உட்கார வெச்சா பெத்தவங்க டி.சி. குடுன்னு வந்து நிக்கிறாங்க. ஏற்கெனவே வேன் வெச்சி பிரைவேட் ஸ்கூல்காரங்க ஊருக்குள்ள வர்றாங்க. இன்னும் பத்துப் பேர் போனா பள்ளிக்கூடத்தையே மூடிடுவாங்க. நான் எழுதாத லெட்டர் இல்ல சார். போன வருஷம் ஒரு பொறியாளர் வந்தாரு. பழைய சர்டிபிகேட்டைப் பாத்தாரு, நல்லாத்தான் இருக்குதுன்னு போயிட்டாரு. நீங்க எழுதிக் குடுங்க சார், நான் உடனே வெளிய கொண்டு போறேன்."

"நான் ரிட்டையர் ஆயிட்டேம்மா. என் எழுத்து செல்லாது."

அந்தம்மா என்னையே பார்த்தார். "அப்ப எதுக்கு சார் வந்தீங்க? எங்களைப் பயமுறுத்திட்டுப் போறதுக்கா?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தக் கேள்வி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது. அந்தப் பழைய சர்டிபிகேட் யார் போட்டது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயந்திரம் மேற்கே இருட்டிக்கொண்டு இடித்தது. அம்மா துணி எடுக்க மாடிக்கு ஓடினாள். நான் அந்தப் பச்சைப் பெயிண்ட் அடித்த அறையை நினைத்தேன். ஒரு நல்ல மழை போதும். தண்ணீர் ஏறி ஊறினால் தளத்தின் கனம் கூடும், மறுநாள் மத்தியானம் ஒரு வெடி. அவ்வளவுதான் பாக்கி. நீ சொன்னாயே, இரண்டு மாசம் பொறுத்திருக்கலாம் என்று. அந்த இரண்டு மாசமும் மழைக்காலம், பாப்பா. எனக்குப் பொறுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பயந்துவிட்டேன். நீ வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் அது விழுந்தால், அதற்கப்புறம் உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்று பயந்தேன். அந்தப் பிள்ளைகளுக்காகப் பயந்தேனா, உன் முகத்துக்காகப் பயந்தேனா என்று கேட்டால் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம். வாசலில் மனு எழுதித் தருபவர்கள் கூப்பிட்டார்கள், நானே எழுதி வைத்திருந்தேன். கட்டடம் ஆபத்தான நிலையில் இருக்கிறது, இதற்கு முதலில் உறுதிச் சான்று கொடுத்தது நான், தளத்தின் மேல் ஏறிப் பார்க்காமல் கொடுத்தேன், அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கொடுத்திருக்கிறார்கள், ஆகவே எல்லாச் சான்றுகளையும் ரத்து செய்து பிள்ளைகளை உடனே வெளியேற்ற வேண்டும். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றேன். மனுவை வாங்கிப் பதிந்த அதிகாரி சின்ன வயசுக்காரர். படித்துவிட்டு நிமிர்ந்து, "பெரியவரே, இது உங்களுக்கே எதிரா இருக்குதே. தெரிஞ்சுதான் எழுதினீங்களா?" என்று கேட்டார். "தெரிஞ்சுதான் சார்" என்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

மூன்றாம் நாள் பெரிய பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள். அன்றைக்கே பூட்டிவிட்டார்கள். பிள்ளைகளை ஊராட்சியின் சேவை மையக் கட்டடத்தில் ஒரே அறையில் ஐந்து வகுப்பாக உட்கார வைத்தார்கள். அடுத்த வாரம் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அம்மா அதைப் பார்த்ததும் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "வேலையில இருந்த வரைக்கும் வாய மூடிக்கினு இருந்த. இப்போ வூட்டுல சும்மா இருக்கும்போது எதுக்கு இந்த பேஜாரு? பென்ஷனை நிறுத்திட்டா? புள்ள வேலைக்கு ஒண்ணு ஆயிட்டா?" என்றாள். அன்றைக்குத்தான் அவள் உனக்குப் போன் செய்தாள். அதற்கப்புறம் நீ எனக்குச் செய்தாய்.

ஊரில் என்னை யாரும் வாழ்த்தவில்லை. அதையும் தெரிந்துகொள். ஒன்பது பிள்ளைகள் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டன. புதுக் கட்டடத்துக்கு நிதி கேட்டுக் கருத்துரு அனுப்பியிருக்கிறார்கள், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரவே இல்லை என்றால், பிள்ளைகள் இன்னும் குறைந்தால், அந்த ஊருக்குப் பள்ளிக்கூடமே இல்லாமல் போகும். பதினேழு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பொறியாளர் சொன்னதுதான் நடக்கப் போகிறதோ என்று இப்போது பயப்படுகிறேன். முதலில் என் கையெழுத்தால் பிள்ளைகளை ஆபத்தில் உட்கார வைத்தேன். இப்போது என் மனுவால் அவர்களுக்கு உட்கார இடமில்லாமல் செய்துவிட்டேனோ என்று இருக்கிறது. தலைமை ஆசிரியைக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன், சான்று நான் கொடுத்தது என்றும் சொன்னேன். அந்தம்மா, "பெல் அடிக்கணும் சார், வெக்கிறேன்" என்றார்.

இதனால்தான் உன்னை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னை யாராவது மிரட்டுவார்கள் என்றோ, காசு கொடுத்துக் கெடுப்பார்கள் என்றோ எனக்குப் பயம் இல்லை. அதற்கெல்லாம் நீ மசிய மாட்டாய். உன்னிடம் நல்லவர் ஒருவர், களைத்துப் போனவர், பிள்ளைகள் மேல் உண்மையிலேயே அக்கறை உள்ளவர் வந்து, ‘கிடைத்ததை வைத்து ஏதாவது செய்வோம்மா, ஜல்தி போட்டுக் குடு, மார்ச் முடியப் போவுது’ என்று கேட்பார். அவர் சொல்வதில் பாதி உண்மையாக இருக்கும். அந்தப் பாதிதான் ஆளைச் சாய்த்துவிடும். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று எனக்கே முழுசாகத் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். மராமத்து நிதியை வாங்கு, விடாதே. ஆனால் மராமத்தில் நிற்காத கட்டடத்தை நிற்காது என்று எழுதிவிட்டு, அந்த நிதி, மராமத்தில் நிற்கக்கூடிய வேறு கட்டடத்துக்குப் போகும்படி சண்டை போடு. அன்றைக்கே அதை நான் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. முந்தின ஆள் போட்ட கையெழுத்தைப் படிப்பதற்கு முன்னால் தளத்தின் மேல் ஏறு. சேலையோ சுடிதாரோ, ஏணி இருக்கிறதோ இல்லையோ, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கியாவது ஏறு. ஓரிடத்தில் பொத்தென்று கேட்டால் இரண்டாவது இடத்தில் தட்டு. அதை எழுது. எழுதினால் உன்மேல் எல்லாரும் கோபப்படுவார்கள். நான் உட்பட. அப்பாவுக்கு எதிராக எழுத வேண்டி வந்தாலும் எழுது. திண்டிவனம் பக்கம் உனக்கு மாற்றல் வந்தால் என் கையெழுத்து இன்னும் சில சான்றுகளில் இருக்கும். அவற்றில் எதை நான் ஏறிப் பார்த்துப் போட்டேன், எதை வாசலில் நின்று போட்டேன் என்று ஞாபகத்திலிருந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் ஆபீசுக்கும் அனுப்புவேன், உனக்கும் ஒரு நகல் வரும்.

போன வியாழக்கிழமை அந்தக் கட்டடத்தை இடித்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போனேன். ஊரே ரோட்டோரம் நின்றது. ஜே.சி.பி.க்காரர் இரண்டு நாள் வேலை என்று சொல்லிக்கொண்டு வந்தார். பக்கெட்டை எடுத்துச் சுவரோரம் வைத்தார், இன்னும் தள்ளக்கூட இல்லை, தளத்தில் பாதி மொத்தமாக இறங்கிவிட்டது. தரை அதிர்ந்தது. புழுதியில் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. வண்டிக்காரர் கீழே குதித்து ஓடி வந்துவிட்டார். புழுதி அடங்கியது. தளம் விழுந்து கிடந்த இடம் பிள்ளைகள் வரிசையாகத் தட்டு வைத்திருந்த இடம்.

என் பக்கத்தில் ஒரு பொண்ணு நின்றிருந்தாள். உன்னைவிட நாலைந்து வயசு கூட இருக்கும். குவாரி வேலைக்குப் போகிறவள் என்று தெரிந்தது, தலைத்துண்டில் வெள்ளையாகக் கல்பொடி. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவள் மகள், இரண்டாவதோ மூன்றாவதோ படிக்கிற பிள்ளை, யூனிபாரம் போட்டு நின்றிருந்தது. அந்தப் பிள்ளை பிடிப்புக்காக என் சட்டை நுனியைப் பிடித்திருந்தது, தெரியாமல். அவள் இடிந்த இடத்தைப் பார்த்தபடியே, யாரிடம் என்றில்லாமல் கேட்டாள்: "இது நல்லாக்குதுன்னு எவன்யா சர்டிபிகேட் குடுத்தான்?"

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது.

"நான்தாம்மா குடுத்தேன்" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் குனிந்து, என் சட்டையைப் பிடித்திருந்த பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். பிள்ளையைத் தூக்கித் தன்னுடைய மறுபக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டாள். பிறகு மறுபடியும் இடிந்த இடத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

உன்னைப் பார்த்து எந்தத் தாயும் தன் பிள்ளையை அப்படி நகர்த்தி வைக்கும் நாள் வரக் கூடாது, பாப்பா. திங்கட்கிழமை பத்திரமாகப் போய்ச் சேர்.

அப்பா
திண்டிவனம்